பீட்ரூட் மசாலா தோசை, விசிறித் தலைப்பாகை: இந்தியன் காபி ஹவுஸ் ஏன் மாறுவதே இல்லை?

திருவனந்தபுரம் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து தம்பானூர் பேருந்து நிலையம் பக்கம் போனால், செங்கல் நிறத்தில் உருளை வடிவில் ஒரு கட்டிடம் கண்ணில் படும். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது தண்ணீர்த் தொட்டியா, பழைய கோட்டையா என்று சந்தேகம் வரும். உள்ளே நுழைந்தால் மாடிப்படியே கிடையாது. தரையே சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. அந்தச் சாய்வுப் பாதையின் ஓரம் முழுக்க மேஜைகள். வெள்ளை உடுப்பு, கஞ்சி போட்டு விசிறி மாதிரி மடித்த தலைப்பாகை, இடுப்பில் பட்டையான பெல்ட் சகிதம் ஒருவர் கையில் தட்டுகளோடு ஏறி வருகிறார்.

அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு வைத்தியம் பார்க்கப் போனவர்கள், ரயிலுக்குக் காத்திருந்தவர்கள், சபரிமலை போய்த் திரும்பியவர்கள் என்று ஏதோ ஒரு சந்தர்ப்பத்தில் பலரும் ஒரு காபி ஹவுஸில் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள்.

இருபது வருடம் கழித்துப் போனாலும் "அட, அப்படியே இருக்கே!" என்றுதான் சொல்லத் தோன்றும். அதே உடுப்பு, அதே வெள்ளைக் கோப்பை, தோசைக்குள் அதே சிவப்பு மசாலா. நகரத்தில் சுற்றியுள்ள எல்லாம் இடிந்து, கண்ணாடி மாளிகைகளாக எழுந்து நிற்கும்போது இது மட்டும் எப்படி அப்படியே இருக்கிறது? பழமை மீது பாசமா, சோம்பலா, வேறு ஏதாவதா? இதற்கான பதில், வேலை இழந்த ஹோட்டல் தொழிலாளர்களின் கதையில் இருக்கிறது.

உள்ளே என்ன கிடைக்கும்?

முதலில் சாப்பாட்டு விஷயத்தை முடித்துவிடலாம். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களைத் திடுக்கிட வைப்பது மசாலா தோசைதான். நமக்கு மசாலா என்றால் மஞ்சள் நிற உருளைக்கிழங்கு. கேரளத்துக் காபி ஹவுஸில் தோசையைப் பிரித்தால் உள்ளே பீட்ரூட் சேர்ந்த சிவப்பு மசாலா. "சேட்டா, இது என்ன கலரு?" என்று கேட்காத தமிழர் குறைவு. லேசான இனிப்பும் காரமும் கலந்த ருசி. சிலருக்கு முதல் வாயிலேயே பிடித்துவிடும், சிலருக்குக் கடைசிவரை பிடிக்காது.

கட்லெட்டிலும் அதே பீட்ரூட். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது, வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. பக்கத்தில் நறுக்கிய வெங்காயமும் தக்காளி சாஸும். இவை தவிர ஆம்லெட், முட்டை ரோஸ்ட், அப்பம், ரொட்டி டோஸ்ட் என்று பட்டியல் போகும். கட்லெட், டோஸ்ட், ஆம்லெட் மூன்றும் வெள்ளைக்காரர் காலத்துக் கிளப்பையும் ரயில் கேண்டீனையும் நினைவூட்டும். தோசையும் அப்பமும் நம் பக்கத்துச் சமாச்சாரம். இந்த இரண்டும் ஒரே தட்டில் சந்திக்கும் இடம் இது.

காபி, டபரா டம்ளரில் வராது. சாசரில் வைத்த வெள்ளைப் பீங்கான் கோப்பையில் வரும். ஆற்றிக் குடிக்க வழியில்லை, மெதுவாகத்தான் குடிக்க வேண்டும். இந்த 'மெதுவாக' என்பதில்தான் காபி ஹவுஸின் பாதி வரலாறு இருக்கிறது.

காபி குடிக்கச் சொல்லிக்கொடுத்த அரசு

காபி ஹவுஸை முதலில் தொடங்கியது தனி முதலாளி அல்ல. காபியை விற்க வழி தெரியாமல் திணறிய ஒரு காலத்தின் கண்டுபிடிப்பு அது.

1930களில் உலகப் பொருளாதார மந்தநிலை வந்தபோது காபி விலை சரிந்தது. இந்தியாவில் குடகு, சிக்கமகளூரு, நீலகிரி, ஏற்காடு, வயநாடு என்று தோட்டங்களில் விளைந்த காபிக்கு வெளிநாட்டுச் சந்தைதான் பெரிய நம்பிக்கை. அந்தச் சந்தை ஆட்டம் கண்டதும், "வெளியே விற்க முடியாவிட்டால் உள்ளூரில் குடிக்க வைப்போம்" என்ற யோசனை பிறந்தது. 1935-ல் காபி மீது ஒரு தீர்வை விதிக்கச் சட்டம் வந்து, அதற்காகக் காபி செஸ் கமிட்டி அமைந்தது. காபியை மக்களிடம் கொண்டுபோவது அதன் வேலைகளில் ஒன்று. அந்தக் கமிட்டி 1936-ல் பம்பாய் சர்ச்கேட் பகுதியில் முதல் 'இந்தியா காபி ஹவுஸ்' கடையைத் திறந்தது.

அடுத்து இரண்டாம் உலகப் போர் வந்தது. ஐரோப்பியச் சந்தை கைவிட்டுப் போனது. 1942-ல் காபிச் சட்டம் வந்து காபி வாரியம் உருவானது. தோட்டக்காரர்கள் தங்கள் காபியை வாரியத்தின் பொதுத் தொகுப்பில் கொடுக்க வேண்டும், வாரியம் விற்றுப் பணம் தரும் என்பது ஏற்பாடு. கையில் குவிந்த காபியை மக்களிடம் பழக்கப்படுத்த, காபி ஹவுஸ்கள் வாரியத்துக்கு நல்ல கருவியாக அமைந்தன. 1940களில் நாடெங்கும் ஏறக்குறைய 50 கிளைகள் இருந்தன.

இன்று நாம் பார்க்கும் காபி ஹவுஸின் முகம் அப்போதே தயாராகிவிட்டது. ஒரே மாதிரி சீருடை, ஒரே மாதிரி கோப்பை, ஒரே மாதிரி உபசரிப்பு. பெரிய மனிதர்களின் வீடுகளிலும் கிளப்புகளிலும் இருந்த விசிறித் தலைப்பாகைப் பணியாளர், இங்கே ஒரு கோப்பை காபிக்குக் காசு கொடுத்த சாதாரண குமாஸ்தாவுக்கும் கல்லூரி மாணவனுக்கும் அதே மரியாதையோடு பரிமாறினார்.

உணவகத்தில் யார் எங்கே உட்காரலாம் என்பதே அந்தக் காலத்தில் பெரிய பிரச்சினை என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். 1957-ல்கூட சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன்பு, பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்கச் சொல்லிப் பெரியாரின் திராவிடர் கழகம் தொடர் மறியல் நடத்தியது. அப்படிப்பட்ட காலத்தில், சாதியைப் பெயர்ப் பலகையில் எழுதாத ஒரு பொதுக்கூடத்துக்குத் தனி மதிப்பு இருந்தது.

1957: வேலை போனது, கடை வந்தது

1950களின் நடுவில் காபி வாரியம் தன் கொள்கையை மாற்றிக்கொண்டது. கடைகளை மூடிவிடலாம் என்று முடிவெடுத்தது. வாரியத்துக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு முடிவு. உள்ளே வேலை பார்த்தவர்களுக்கோ சோற்றுப் பிரச்சினை. மேஜை துடைத்தவர், காபி கலந்தவர், கட்லெட் பொரித்தவர் எல்லோரும் ஒரே நாளில் தெருவுக்கு வரும் நிலை.

அந்த நேரத்தில் தொழிலாளர்களுக்குத் துணையாக நின்றவர் ஏ.கே.ஜி. என்று கேரளம் அழைக்கும் ஏ.கே.கோபாலன். கண்ணூர் பக்கத்துக்காரர், கம்யூனிஸ்ட் தலைவர், மக்களவை உறுப்பினர். சட்டம் படித்தவர்களுக்கு வேறொரு வகையிலும் அவரைத் தெரிந்திருக்கும். சென்னை மாகாணச் சிறையில் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த அவர் தொடுத்த 'ஏ.கே.கோபாலன் எதிர் மெட்ராஸ் மாநிலம்' வழக்கில் 1950-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அரசியல் சட்டப் பாடத்தில் இன்றும் முதல் பக்கங்களில் வரும்.

"கடையை மூடாதே" என்று கோஷம் போடுவதோடு விஷயம் நிற்கவில்லை. வாரியம் நடத்தாவிட்டால் நாமே நடத்தினால் என்ன என்ற இடத்துக்குத் தொழிலாளர்கள் வந்தார்கள். சமைக்கத் தெரியும், பரிமாறத் தெரியும், வாடிக்கையாளரைத் தெரியும். இல்லாதது முதலாளி ஒருவர்தான். அந்த இடத்தைக் கூட்டுறவுச் சங்கம் நிரப்பியது.

1957 ஆகஸ்ட் 19-ல் பெங்களூரில் முதல் காபித் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதே ஆண்டு அக்டோபர் 27-ல் டெல்லியில் தொழிலாளர்களே நடத்தும் முதல் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. 1958 மார்ச் 8-ல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கிளையை ஏ.கே.ஜி. திறந்து வைத்தார். கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் முதல் கம்யூனிஸ்ட் அரசு பதவிக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. அரசியல் காற்றும் சாதகமாக வீசியது.

பெயரிலும் ஒரு சின்ன மாற்றம் வந்தது. வாரியம் நடத்தியபோது 'இந்தியா காபி ஹவுஸ்'. தொழிலாளர் கைக்கு வந்த பிறகு 'இந்தியன் காபி ஹவுஸ்' என்ற பெயர் பரவலானது. கேரளத்தில் இந்த முயற்சிக்கு முன்நின்ற நடக்கல் பரமேஸ்வரன் பிள்ளை, அந்த வரலாற்றை மலையாளத்தில் தனி நூலாகவே எழுதிவைத்திருக்கிறார்.

முதலாளி இல்லாத ஹோட்டல் எப்படி நடக்கிறது?

இன்று நாட்டில் 13 கூட்டுறவுச் சங்கங்கள் காபி ஹவுஸ்களை நடத்துகின்றன. கிளைகள் சுமார் 400. இவை எல்லாம் ஒரே கம்பெனியின் கிளைகள் அல்ல. ஒவ்வொரு சங்கத்துக்கும் தனி எல்லை, தனி நிர்வாகம், தனி வரவு செலவு. கேரளத்தில் மட்டும் திருச்சூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்று, கண்ணூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்று என்று இரண்டு சங்கங்கள். மத்திய இந்தியாவில் பல கிளைகளை ஜபல்பூர் சங்கம் நடத்துகிறது. அதனால்தான் கேரளத்தில் கிடைக்கும் பீட்ரூட் தோசையை டெல்லியில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஏற்பாடு எளிமையானது. வேலை பார்ப்பவர் பங்குத்தொகை கட்டிச் சங்கத்தில் உறுப்பினர் ஆகிறார். உறுப்பினர்கள் கூடிய பொதுக்குழு, தங்களுக்குள்ளேயே நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான் என்பது கூட்டுறவின் அடிப்படை விதி. லாபம் வந்தால் ஒரு பகுதி சேமநிதிக்குப் போகும், மீதி போனஸாகவும் பங்காதாயமாகவும் உறுப்பினர்களுக்கே திரும்பும்.

வழக்கமான ஹோட்டலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். தனியார் ஹோட்டலில் சம்பளம் என்பது முதலாளிக்குச் செலவு. அதை எவ்வளவு குறைக்கிறாரோ அவ்வளவு லாபம். காபி ஹவுஸில் சம்பளம் வாங்குபவரும் கடையின் சொந்தக்காரரும் ஒரே ஆள். சம்பளத்தை வெட்டி லாபம் காட்டினால், இடது பையிலிருந்து எடுத்து வலது பையில் போட்ட மாதிரிதான். அதனால் இங்கே முதலில் காப்பாற்றப்படுவது வேலை. நம் ஊர் ஹோட்டல்களில் சர்வர் வேலை என்றால் இன்று வருவார், நாளை போவார் என்பது வழக்கம். காபி ஹவுஸில் இளைஞராகச் சேர்ந்து, தலை நரைத்து ஓய்வு பெறும்வரை அதே உடுப்பில் இருப்பவர்கள் உண்டு.

உங்கள் மேஜைக்கு வரும் தலைப்பாகைக்காரர் ஒரு வகையில் அந்தக் கடையின் பங்குதாரர். அந்த நிதானமும் கொஞ்சம் கம்பீரமும் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தவர்களுக்கு இதுதான் விடை.

அப்படியென்றால் ஏன் மாறவில்லை?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். நான்கு காரணங்களைச் சொல்லலாம்.

ஒன்று, மாற்றச் சொல்ல ஆளில்லை. தனியார் ஹோட்டலில் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்ததும் முதல் வேலையாகச் சுவரை இடித்து, விளக்கை மாற்றி, மெனு அட்டையைப் புதிதாக அடிப்பார். முதலீட்டாளர் பணம் போட்டிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை "வளர்ச்சி எங்கே?" என்று கேட்பார். காபி ஹவுஸில் இருவருமே கிடையாது. பெரிய செலவு என்றால் நிர்வாகக் குழு, பொதுக்குழு என்று போக வேண்டும். ஓட்டுப் போடுபவர் தன் போனஸை நினைத்துத்தான் கையைத் தூக்குவார்.

இரண்டு, அடையாளம்தான் சொத்து. வாரியம் கைவிட்டபோது தொழிலாளர்களிடம் பணம் இல்லை. மக்களுக்குப் பழகிய முகம் இருந்தது. உடுப்பு, கோப்பை, காபியின் ருசி இவற்றை மாற்றாமல் தொடர்ந்ததால்தான், "கடை கைமாறிவிட்டது" என்ற சந்தேகம் வராமல் வாடிக்கையாளர் திரும்ப வந்தார். அன்று பிழைப்புக்காகக் கட்டிக்காத்த வழக்கம் பிறகு மரபாகிவிட்டது. வெள்ளைக்காரர் காலத்து ஏவலாளின் உடுப்பை, கடைக்குச் சொந்தக்காரர்களே விரும்பி அணிந்துகொண்டது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று.

மூன்று, ஒரே சங்கம், ஒரே முறை. கேரளத்தில் பொதுவாகக் கீழ்நிலை வேலையில் சேர்ந்து படிப்படியாக மேலே வரும் வழக்கம் இருக்கிறது. மேஜை துடைக்கும்போதே பரிமாறுவதைப் பார்த்துக் கற்கிறார், பிறகு சமையல்கட்டுக்கும் போகிறார். வெளியிலிருந்து பெரிய சமையல் கலைஞரைக் கூட்டிவந்து பட்டியலை மாற்றும் பேச்சே இல்லை. கட்லெட் கை மாறிக் கை மாறி அப்படியே வருகிறது.

நான்கு, இடம். பல கிளைகள் அரசுக் கட்டிடங்களிலும், பழைய வாடகை ஒப்பந்தங்களிலும், மருத்துவமனை வளாகங்களிலும் இயங்குகின்றன. நகர மையத்தில் சந்தை விலைக்கு வாடகை கொடுத்தால் இந்த விலைக்குக் காபி கொடுக்க முடியாது. மெதுவாகக் குடிக்கும் காபிக்கு மலிவான இடம் வேண்டும். ஒரு மேஜையில் மணிக்கு மூன்று முறை ஆள் மாறினால் மூன்று பில். ஒருவரே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரே பில். வாடகை மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். கண்ணாடி போட்ட காபிக் கடைகள் அந்த ஒரு மணி நேரத்தின் விலையையும் சேர்த்துக் கோப்பையில் ஊற்றுகின்றன. காபி ஹவுஸ் அதை வாங்குவதில்லை.

தம்பானூர் கட்டிடமே இதற்கு நல்ல உதாரணம். வடிவமைத்தவர் பிரிட்டனில் பிறந்து, கேரளத்தையே தன் ஊராக்கிக்கொண்ட லாரி பேக்கர். செலவைக் குறைத்துக் கட்டுவதையே கலையாக வைத்திருந்தவர். சுவரில் செங்கற்களுக்கு இடையே விட்ட துளைகள் வழியாகவே வெளிச்சமும் காற்றும் வரும். மேஜையும் பெஞ்சும் கட்டிடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டவை. உடைந்துபோகாது, நகர்த்தவும் முடியாது. "இன்டீரியரை மாத்திடலாமா?" என்று யாராவது ஆசைப்பட்டாலும் கட்டிடத்தையே இடித்தால்தான் உண்டு.

ஒரு காபி, ஒரு மணி நேரம்

மலிவு விலையும் எழுப்பிவிடாத மேஜையும் சேர்ந்தால் அங்கே பேச்சு வளரும். கொல்கத்தா கல்லூரித் தெருவில் இருக்கும் காபி ஹவுஸ் இதற்குப் பேர்போனது. 1876-ல் உருவான ஆல்பர்ட் ஹால் கட்டிடத்தில் 1942-ல் காபி வாரியம் கடை திறந்தது. 1958-ல் அதை மூடியபோது பிரசிடென்சி கல்லூரி, கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அரசிடம் மனு கொடுத்தார்கள். அதே ஆண்டு மீண்டும் திறந்தது. சத்யஜித் ராய் போன்றவர்கள் வந்து உட்கார்ந்த இடம் அது. மன்னா டே பாடிய வங்காளப் பாட்டு ஒன்று, அந்தக் காபி ஹவுஸ் அரட்டை இப்போது இல்லையே என்ற ஏக்கத்தையே பாடுகிறது.

டெல்லியில் இதே பேச்சு வேறு விளைவைத் தந்தது. கன்னாட் பிளேஸில் அரசியல்வாதிகளும் பத்திரிகையாளர்களும் கூடிப் பேசிக்கொண்டிருந்த காபி ஹவுஸ், எமர்ஜென்சி காலத்தில் இடிக்கப்பட்டது. இப்போது அந்தப் பக்கத்தில் பாலிகா பஜார் இருக்கிறது. காபி ஹவுஸ் மோகன் சிங் பிளேஸ் கட்டிடத்தின் மேல்தளத்துக்குப் போனது. மக்கள் கூடிப் பேசும் ஒரு மேஜையைக் கண்டு அதிகாரம் எப்போதும் கொஞ்சம் பயப்படத்தான் செய்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே புதுச்சேரியில் நேரு வீதி காபி ஹவுஸ் இருக்கிறது. யான் மார்ட்டெல் எழுதி 2002-ல் புக்கர் பரிசு பெற்ற 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில், எழுத்தாளருக்கு அந்தக் கதை கிடைக்கும் இடமாக வருவது இந்தக் காபி ஹவுஸ்தான். முன்பின் தெரியாத ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பிப்பது, பத்து நிமிடத்தில் பில்லை நீட்டும் ஹோட்டலில் நடக்காது.

நிஜமாகவே எதுவும் மாறவில்லையா?

மாறியிருக்கிறது. பெங்களூரு எம்.ஜி. சாலையில் பல பத்தாண்டுகள் இருந்த காபி ஹவுஸ் 2009-ல் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு, பக்கத்தில் சர்ச் தெருவுக்குக் குடிபெயர்ந்தது. உடுப்பும் பதார்த்தமும் கூடவே போயின, பழைய கட்டிடத்தை மட்டும் எடுத்துப்போக முடியவில்லை. டெல்லிக் கிளை வாடகை நிலுவையால் மூடும் நிலைக்குப் போய் மீண்டது. 1996-ல் பெங்களூரு பிரிகேட் சாலையில் முதல் கபே காபி டே திறந்தது. 2012-ல் ஸ்டார்பக்ஸ் மும்பைக்கு வந்தது. காபி குடித்துக்கொண்டே உட்கார்ந்து பேசுவது என்ற பழக்கத்தை இந்த நாட்டில் பரப்பியவர்கள் காபி ஹவுஸ்காரர்கள். அதை ஏசி போட்டுப் பல மடங்கு விலைக்கு விற்றவர்கள் பின்னால் வந்தவர்கள்.

2020 பொதுமுடக்கம் எல்லா உணவகங்களையும்போல இவர்களையும் உலுக்கியது. தனியார் ஹோட்டலில் நஷ்டம் முதலாளிக்கு. இங்கே நஷ்டமும் தொழிலாளிக்கே. கூட்டுறவின் மறுபக்கம் இது. லாபத்தில் பங்கு இருப்பதுபோல, கடை மூடிக் கிடந்த நாள்களிலும் பங்கு உண்டு. அதன்பிறகு 2024, 2025-ல் உலகச் சந்தையில் காபிக்கொட்டை விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. பால், எண்ணெய், சமையல் எரிவாயு எல்லாம் ஏறும்போது, 'மலிவான காபி' என்ற பெயரைக் காப்பாற்றுவது சுலபமில்லை.

மாறாமல் இருப்பது எல்லாமே பாராட்டத்தக்கது என்றும் சொல்ல முடியாது. கேரளக் கிளைகளில் பல பத்தாண்டுகளாகப் பரிமாறியவர்கள், சமைத்தவர்கள் எல்லோருமே ஆண்கள்தான். பெண் கல்வியில் முன்னோடி என்று பெயரெடுத்த மாநிலத்தில், முற்போக்குக் கொள்கையில் பிறந்த ஓர் அமைப்பு இப்படி இருந்தது நியாயமா என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. 'எல்லோரும் சொந்தக்காரர்கள்' என்று சொல்லும்போது அந்த 'எல்லோரில்' யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாற்றத்துக்கு அனுமதி கேட்க நேரமாகும் அமைப்பு, தவறான மாற்றத்திலிருந்து தப்பிக்கிறது. தேவையான மாற்றமும் அதே வாசலில்தான் காத்துக் கிடக்கும். கழிப்பறைச் சுத்தம், பழுது பார்க்க வேண்டிய நாற்காலி, பரிமாற ஆகும் நேரம் என்று சில கிளைகள் மீது வாடிக்கையாளர் வைக்கும் குறைகளுக்கு "எங்க பாரம்பரியம் சார்" என்பது பதிலாகாது.

இனி என்ன ஆகும்?

காபி ஹவுஸுக்கு நிஜமான ஆபத்து ருசியில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. நகர மையத்தில் இருக்கும் ஒரு பழைய கூடம், வணிக வளாகமாக மாறினால் எவ்வளவு வாடகை தரும் என்று கணக்குப் போடுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தால் அந்த ஏலத்தில் ஜெயிக்க முடியாது. அரசும் உள்ளாட்சியும் அந்த இடத்தை வெறும் வாடகை இனமாகப் பார்க்கின்றனவா, ஊருக்குத் தேவையான பொது இடமாகப் பார்க்கின்றனவா என்பதைப் பொறுத்தே பல கிளைகளின் ஆயுள் இருக்கிறது.

மருத்துவமனை வளாகக் கிளைகளை நினைத்தால் இதன் அருமை புரியும். உள்நோயாளிக்குத் துணையாக வந்து நாள்கணக்கில் தங்கும் ஒருவருக்கு, நம்பிச் சாப்பிடக் கட்டுப்படியான விலையில் ஓர் இடம் வேண்டும். கொஞ்ச நேரம் மேஜையில் தலை சாய்த்தாலும் விரட்டாத இடமாக அது இருந்தால் இன்னும் நல்லது. அவருக்கு அங்கே நடக்கும் இலக்கியப் பேச்சோ ஏ.கே.ஜி.யின் வரலாறோ தேவையில்லை. ஒரு தோசை, ஒரு காபி, பத்து நிமிட நிம்மதி போதும்.

இரண்டாவது கேள்வி, அடுத்த தலைமுறைத் தொழிலாளர்கள். வளைகுடாவுக்கோ பெங்களூருவுக்கோ போனால் கூடுதல் சம்பளம் என்று கணக்குப் பார்க்கும் இளைஞரைத் தலைப்பாகை கட்டவைக்க, நிரந்தர வேலையும் ஓட்டுரிமையும் மட்டும் போதுமா? வேலைக்குப் பாதுகாப்பு என்ற சொல்லே அரிதாகிவரும் காலத்தில் ஒருவேளை போதலாம். ஒரு செயலியின் உத்தரவுக்கு ஓடி உணவு டெலிவரி செய்யும் இளைஞருக்கும், தன் கடையின் நிர்வாகக் குழுவைத் தானே தேர்ந்தெடுக்கும் பரிமாறுபவருக்கும் இடையே உள்ள தூரம் சின்னதல்ல.

தமிழ்நாட்டுக்கும் இதில் யோசிக்க ஒன்று இருக்கிறது. பால், நெசவு, தேயிலை என்று கூட்டுறவில் நமக்கு நீண்ட அனுபவம் உண்டு. மூடப்படும் ஒரு தொழிலைத் தொழிலாளர்களே ஏற்று நடத்தினால் என்ன என்ற பேச்சு வரும்போதெல்லாம், "அதெல்லாம் நடக்குமா சார்?" என்ற கேள்வியும் கூடவே வரும். 1957-ல் மேஜை துடைத்துக்கொண்டிருந்தவர்கள் தொடங்கியது இன்னும் நடக்கிறது. லாபநஷ்டம், குறைநிறை எல்லாவற்றோடும்தான்.

அடுத்தமுறை தம்பானூரிலோ புதுச்சேரியிலோ திருச்சூரிலோ காபி ஹவுஸ் கண்ணில் பட்டால் நுழைந்து பாருங்கள். அவசரமாக ரயில் பிடிக்க வேண்டியிருந்தால் காபியும் கட்லெட்டும் போதும். நேரம் இருந்தால் கேரளத்தில் மசாலா தோசை சொல்லுங்கள், சிவப்பைப் பார்த்து மிரள வேண்டாம். காபி வந்ததும் டபராவைத் தேடாமல் கோப்பையிலேயே மெதுவாகக் குடியுங்கள். எழுந்திருக்கச் சொல்லி யாரும் வந்து நிற்க மாட்டார்கள். ஆனால் வெளியே இடம் கிடைக்காமல் நிற்பவரைப் பார்த்தால் நீங்களே எழுந்துவிடுங்கள். அந்த மேஜை இன்னும் பல காலம் அங்கே இருக்க, அவரும் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க வேண்டுமே.